ஸ்விஃப்ட் டீசல் 2012: சர்வீஸ் மேனுவல் எங்கே கிடைக்கும், என்ன விலை?

பாம்பன்காரன்:
வீடு கடலை ஒட்டி. ஏசி போட்டால் ஹெட்லைட் மங்குது, மீட்டரில் விளக்குகள் தன்பாட்டுக்கு மின்னுது, பேட்டரி புதுசு. ஒயரிங் படம் கிடைத்தால் நானே பார்த்துவிடுவேன். ஷோரூமில் கேட்டால் வண்டியோடு தந்த சின்னப் புத்தகத்தையே காட்டுகிறார்கள், ஒர்க்‌ஷாப் மேனுவல் வெளியே தர மாட்டார்களாம். வாட்ஸ்அப்பில் ஒருத்தர் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு பி.டி.எஃப் அனுப்பினார், திறந்தால் பெட்ரோல் வண்டியுடையது!

ராம்நாடு ஒர்க்‌ஷாப்:
தம்பி, மேனுவல் அப்புறம், முதலில் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவைப் பாடியோடும் என்ஜினோடும் இணைக்கிற ஒயரைப் பாருங்க. நம்ம பக்கத்து உப்புக்காற்றுக்கு ஒயர் வெளியே நல்லாத்தான் இருக்கும், உறையை ஒரு விரல் நீளம் சீவினால் உள்ளே செம்பு கருத்துப் பொடியாக உதிரும். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே அளங்க, அடுத்து என்ஜின் பிளாக்கில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் கேபிளில், அல்லது அதை போல்ட் போட்ட இடத்தில்.

கீழக்கரை டீசல்:
அந்த என்ஜின் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஓப்பல் கோர்சாவிலும் வந்தது, அதற்கு ஹேன்ஸ் என்கிற பிரிட்டிஷ் கம்பெனி போட்ட ரிப்பேர் புத்தகம் உண்டு. என்ஜின் வேலைக்கு ஓரளவு உதவும், ஒயரிங்குக்கு சுத்தமாக ஆகாது. ஹேன்ஸும் 2020இல் புது மேனுவல் அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள், பழைய பிரதியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவே கண்ணைக் கட்டும்.

கடுப்பு:
இதெல்லாம் கம்பெனியே விற்க வேண்டியது. 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி அபராதம் போட்டது, ஸ்பேர், கோளாறு காட்டும் ஸ்கேனர், மேனுவல் எதையும் வெளி மெக்கானிக்குக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்ததற்கு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனார்கள், நாம் இன்னும் பி.டி.எஃப் தேடிக்கொண்டிருக்கிறோம். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகனின் எர்வின் தளத்தில் ஒரு மணி நேரச் சந்தா கட்டி வேண்டிய பக்கத்தை இறக்கிக்கொள்ளலாம். முழுப் புத்தகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட யாருக்கு ஆசை, நமக்கு வேண்டியது நாலு பக்கம்!

பாம்பன்காரன்:
அண்ணே, பாடியில் 0.1, பிளாக்கில் 0.9 காட்டுது. கீழக்கரை காக்கா, கோர்சா புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

ராம்நாடு ஒர்க்‌ஷாப்:
அப்போ என்ஜினுக்குப் போகிற எர்த் கேபிளை மாத்துங்க. பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்க. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்க. ஏர்பேக் உள்ள மாடல் என்றால் மஞ்சள் ஒயர் பக்கமே போகாதீங்க.