தற்காலிக கேப் போட்ட பல்லில் கூச்சமும், மெல்லும்போது வலியும்

கேள்வி:
என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை நிரந்தர கேப்புக்காகச் செதுக்கி, அதன் மேல் தற்காலிக கேப் ஒட்டியிருக்கிறார்கள். வேர் சிகிச்சை செய்யப்படவில்லை. மரத்துப்போனது தெளிந்ததிலிருந்து குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது. அந்தப் பக்கம் மென்றால் சுருக்கென்று வலிக்கிறது. சுற்றியுள்ள ஈறும் புண்ணாக இருக்கிறது. நிரந்தர கேப் வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை பொறுத்துக்கொள்வதா, உடனே மருத்துவரிடம் செல்வதா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

மறுமொழி:
நான் பல் மருத்துவன். நீங்கள் சொல்லும் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பல்லைச் செதுக்கும்போது எனாமல் நீங்கி, அடியிலுள்ள டென்டின் என்ற உள்ளடுக்கின் நுண்குழாய்கள் திறந்துகொள்கின்றன. குளிர்ச்சி பட்டதும் அவற்றிலுள்ள திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுவதால்தான் கூச்சம் ஏற்படுகிறது. தற்காலிக கேப் பிளாஸ்டிக் வகைப் பொருளால் ஆனது. அதன் விளிம்பு நிரந்தர கேப்பின் விளிம்பைப்போல இறுக்கமாகப் பொருந்தாது. ஆகவே குளிர்ச்சி பட்டுச் சில நொடிகளில் அடங்கிவிடும் கூச்சத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஈற்றுப்புண், வெதுவெதுப்பான ஒரு கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்தாலே பெரும்பாலும் ஆறிவிடும்.

மெல்லும்போது வரும் வலிதான் என்னை யோசிக்க வைக்கிறது. கேப் இம்மியளவு உயரமாக இருந்தாலும் கடிக்கும் விசை முழுவதும் அந்தப் பல்லின் மீதே விழும். மரத்துப்போன நிலையில் கடித்துக் காட்டச் சொன்னால் நோயாளிக்குச் சரியாகத் தெரியாது என்பதால் இது அடிக்கடி நேர்கிறது. மாத்திரை வலியை மறைக்குமே தவிர உயரத்தைக் குறைக்காது. உயரமான இடத்தில் நிறம் படியும் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, அந்த இடத்தைச் சற்றே தேய்த்துவிடுவது சில நிமிட வேலைதான்; தயங்காமல் இன்றே உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நாளையே வரச் சொல்லியிருக்கிறார்கள். கேப் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் பிரஷ்கூடப் படாமல் இருக்கிறேன், இது சரிதானா?

மறுமொழி:
தற்காலிக கேப் போட்டிருந்தபோது எனக்கும் இதே அச்சம் இருந்தது. ஆனால் துலக்காமல் விட்டால் விளிம்பில் அழுக்குச் சேர்ந்து ஈறு மேலும் வீங்கும். மென்மையான பிரஷால் துலக்குங்கள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேல்நோக்கி இழுத்தால் கேப் கூடவே வந்துவிடக்கூடும் என்பதால், பக்கவாட்டில் உருவி எடுங்கள். ஒட்டும் மிட்டாய், சூயிங்கம், கடினமான கொட்டைகள் ஆகியவற்றைத் தவிர்த்து, மறுபக்கமாக மெல்லுங்கள். நிரந்தர கேப்பை வைப்பதற்காக எளிதில் கழற்ற வேண்டும் என்பதற்காகவே இதை வலுக்குறைந்த சிமென்டால் ஒட்டுகிறார்கள்.

மறுமொழி:
மேலே பதிலளித்த மருத்துவனே மீண்டும் எழுதுகிறேன். கேப் கழன்றால் அதைக் கழுவிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு விரைவில் செல்லுங்கள். வீட்டிலுள்ள பசைகளால் ஒருபோதும் ஒட்டாதீர்கள். பல்லை வெறுமனே விட்டுவைத்தால் அக்கம்பக்கத்துப் பற்கள் நகர்ந்து, நிரந்தர கேப் பொருந்தாமலே போகலாம்.

வலிக்குப் பாரசிட்டமால் எடுக்கலாம். ஐபுபுரூஃபன் என்றால், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எதுவும் படாமலே இரவில் விண்விண் என்று தெறித்தாலோ, சூடு பட்டபின் வலி நெடுநேரம் நீடித்தாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது நிரந்தர கேப் ஒட்டுவதற்கு முன்பே வேர் சிகிச்சை தேவையா என்று பார்த்துவிட வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.