34ஆம் பக்கத்தில் கப்பல்

குழு: வெள்ளவத்தை வீட்டார்
பொசன் பௌர்ணமி விடுமுறை நாள்

தம்பி (மு.ப. 10.14): அக்கா, ஜனவரி முதலாம் திகதி இதே குழுவில், இந்த வருடம் 24 புத்தகங்களை வாசித்து முடிக்கப்போவதாக அறிவித்தீர்கள். ஜூன் மாதமும் வந்துவிட்டது. கணக்கு என்ன நிலையில் இருக்கிறது? வாசித்த புத்தகங்களைப் பதிந்து வைக்கும் குட்ரீட்ஸ் செயலியில் என்னுடைய கணக்கு இன்று காலையுடன் 31 ஆகிவிட்டது. பெரியப்பாவின் விதிப்படி முழு வாக்கியங்களில் எழுதியிருக்கிறேன் என்பதையும் அனைவரும் கவனிக்கவும்.

பெரியப்பா (மு.ப. 10.17): கவனித்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி என் கண்ணைக் கெடுக்காமல் விட்டதற்கு நன்றி.

நான் (மு.ப. 10.25): ஒன்பது முடிந்திருக்கின்றன, இரண்டைப் பாதியில் விட்டுவிட்டேன். இந்த மாத முடிவுக்குள் பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும், ஆகவே பின்தங்கித்தான் இருக்கிறேன். ஆனாலும் தம்பி, உன்னுடைய 31ஐயும் என்னுடைய ஒன்பதையும் ஒரே தராசில் வைக்காதே. நீ விரும்பியதை வாசிக்கிறாய். நான் ஒருவரும் விரும்பாததை வாசிக்கிறேன்.

அக்கா (மு.ப. 10.31): என் அலுவலகத்தில் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டார். பத்தொன்பது வருடங்களாக நூலகத்தில் வேலை செய்யும் உன் தங்கைக்கு வாசிப்பதற்கென்று தனியாக ஒரு சவால் எதற்கு என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் (மு.ப. 10.48): அவர் கேட்டது நியாயம். நூலகர் நாள் முழுவதும் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறார் என்பதால் வாசித்துக்கொண்டே இருப்பார் என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கிறோம், பொருளடக்கத்தைப் புரட்டுகிறோம், எண் இடுகிறோம், முதுகில் ஒட்டுகிறோம், அடுக்குகிறோம். அத்துடன் அந்த நூலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. கடந்த டிசம்பரில் வருடாந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது, பத்து வருடங்களாக எவரும் இரவல் பெறாத நூல்களின் பட்டியலைக் கணினியில் எடுத்து, கழிப்பதற்குப் பரிந்துரைக்கும்படி என் மேசையில் வைத்தார்கள். பேனாவைத் திறந்துவிட்டு, இவற்றில் எத்தனையை நான் வாசித்திருக்கிறேன் என்று ஒரு தடவை பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பேனாவை மூடிவிட்டேன். சவால் தொடங்கியது அங்கேதான், ஜனவரி முதலாம் திகதி அல்ல.

பெறாமகள் (மு.ப. 10.55): சித்தி, அந்தப் பட்டியலிலிருந்து எப்படித் தெரிவு செய்தீர்கள்? கண்ணை மூடிக்கொண்டு எடுத்தீர்களா?

நான் (மு.ப. 11.09): கண்ணை மூடினால் கை கதைப் புத்தகத்தின் பக்கமே போகும். ஆகவே நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க நாங்கள் இடும் டூயி வகுப்பெண்களை வேலியாகப் போட்டுக்கொண்டேன். 1876ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் பகுப்பு அறிவு முழுவதையும் 000 முதல் 900 வரை பத்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு நூல்கள் கட்டாயம். மிஞ்சும் நான்கு என் விருப்பம். எல்லாம் பட்டியலில் உள்ளவையாகவே இருக்க வேண்டும். இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பத்து வகுப்புகள் நமக்காக வகுக்கப்பட்டவை அல்ல. சமயத்துக்குரிய 200இல் பெரும் பகுதியைக் கிறிஸ்தவம் எடுத்துக்கொள்ள, சைவமும் பௌத்தமும் 294க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழு எண் இருக்க, நம்முடைய கவிதைக்கும் நாவலுக்கும் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது.

மாமி (மு.ப. 11.15): சமையல் புத்தகம் கணக்கில் வருமா, பிள்ளை?

நான் (மு.ப. 11.16): வரும் மாமி, 641.5. ஆனால் சமையல் புத்தகம் பத்து வருடம் இரவல் போகாமல் இருந்ததாக எந்த நூலகத்திலும் சரித்திரம் கிடையாது.

தம்பி (மு.ப. 11.20): பாதியில் விட்ட இரண்டும் எவை? என் செயலியில் அவற்றுக்குப் புள்ளி கிடைக்காது.

நான் (மு.ப. 11.28): ஒன்று நெகிழ்வட்டுக் காலத்துக் கணினி வழிகாட்டி, மற்றது பல தடவை மாறிப்போன வருமான வரிச் சட்டத்தின் விளக்கநூல். இரண்டையும் நாற்பது பக்கம் வரை வாசித்துவிட்டு, மன உறுத்தல் எதுவும் இல்லாமல் கழிப்பதற்குக் கையெழுத்திட்டேன். பிழையான வரி விகிதத்தைச் சொல்லும் நூலைத் தட்டில் வைத்திருப்பது வாசகருக்குச் செய்கிற துரோகம். அவற்றைத் தனிப் பத்தியில் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்பதுடன் சேர்க்கவில்லை.

மாமி (மு.ப. 11.31): முடித்தவற்றில் எங்களுக்கு உதவக்கூடியதாக ஏதாவது உண்டா?

நான் (மு.ப. 11.40): 638.1, தேனீ வளர்ப்பு. நமது நாட்டுத் தேனீ, உணவு குறைந்தாலோ எறும்புத் தொல்லை கூடினாலோ, கூட்டம் முழுவதும் கூட்டை விட்டுப் போய்விடும் என்று அதில் படித்தேன். போன வருடம் உங்கள் தெஹிவளை வீட்டு மேல்மாடத்தில் கூடு கட்டிய தேனீக்கள் திடீரென்று காணாமல் போனதற்கு நீங்கள் பக்கத்து வீட்டாரின் சாம்பிராணிப் புகையைக் குறை சொன்னீர்கள். அவர்களுடைய குற்றமாக இல்லாமலும் இருக்கலாம்.

மாமி (மு.ப. 11.42): அந்தச் சாம்பிராணியைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

நான் (மு.ப. 11.58): பெறாமகளுக்கு வேறொன்று சொல்கிறேன். 523.6 என்ற எண்ணில் ஹலியின் வால்வெள்ளியைப் பற்றி 1985இல் அச்சான சிறு நூல் ஒன்று. அது முழுக்க எதிர்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது: அடுத்த பெப்ரவரியில் சூரியனுக்கு மிக அருகில் வரும், ஏப்ரலில் நமக்கு நன்றாகத் தெரியும், இன்ன திசையில் பாருங்கள் என்று ஒவ்வொரு பக்கமும் ஆசை காட்டுகிறது. இரவல் கொடுக்கும்போது முத்திரை குத்தும் திகதித் தாளில் கடைசி முத்திரை 1986 ஏப்ரல். வால்வெள்ளி போன கையோடு வாசகர்களும் போய்விட்டார்கள். அது மறுபடி வருவது 2061இல்; அப்போது உனக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். அந்த நூலை நான் கழிக்கவில்லை.

பெறாமகள் (பி.ப. 12.03): உயர்தரப் பரீட்சை முடிந்தவுடன் எனக்கு அதை எடுத்துத் தாருங்கள், சித்தி. 2061க்குக் காத்திருக்கத் தேவையில்லை.

பெரியப்பா (பி.ப. 12.20): இவ்வளவு நேரமும் மௌனமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கழித்தல், கழித்தல் என்று நீ இலகுவாக எழுதும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டுகிறது. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நெருப்பு வைத்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த வாசிகசாலையில் இருந்து படித்தவன் நான். அதற்குப் பிறகு எங்கள் தலைமுறையில் எவருக்கும் ஒரு பழைய பஞ்சாங்கத்தைக்கூடத் தூக்கி எறியக் கை வராது. உன் பெரியம்மா அலுமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் இதனால்தான்.

நான் (பி.ப. 12.47): பெரியப்பா, அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் அந்தப் பட்டியலைத் தொட்டதில்லை. எங்கள் தொழிலில் மற்ற நாட்டவர்கள் சாதாரணமாகச் செய்கிற வேலையை இந்த நாட்டுத் தமிழ் நூலகர் ஒருவர் செய்யும்போது கை ஒரு கணம் நிற்கத்தான் செய்யும். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை எழுதி வைத்தார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்கிறது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. பரீட்சையில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் புள்ளி வாங்கிவிடலாம், ஆனால் தட்டுக்கு முன்னால் நிற்கும்போது அவை ஒன்றோடொன்று சண்டை பிடிக்கின்றன. மூன்றாவதற்குக் கீழ்ப்படிந்தால் எதையும் கழிக்க முடியாது. நான்காவதற்குக் கீழ்ப்படிந்தால், வேண்டிய புத்தகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் பழைய வரி நூல்களை அகற்றியே ஆக வேண்டும். என்னால் முடிந்தது, வாசித்துவிட்டுக் கையெழுத்திடுவது. தமிழ் நூல் என்றால், 2005இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையத்தளத்தில் அதன் மின்பிரதி இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்துவிட்டே முடிவெடுக்கிறேன்.

பெரியப்பா (பி.ப. 12.52): வாசித்துவிட்டுக் கையெழுத்திடுகிறாய் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. பட்டியல் முழுவதையும் எப்படி வாசிப்பாய்?

நான் (பி.ப. 12.54): முடியாது, பெரியப்பா. வருடத்துக்கு 24 என்றால் ஓய்வு பெறும்வரை வாசித்தாலும் பட்டியல் தீராது. மற்றவற்றைத் திறந்தாவது பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். அப்படித் திறந்து பார்த்ததில் அகப்பட்டதுதான் ஒன்பதாவது புத்தகம்.

தம்பி (பி.ப. 12.56): மாமிக்குத் தேனீ, பெறாமகளுக்கு வால்வெள்ளி. எனக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

நான் (பி.ப. 1.21): உனக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். அந்த ஒன்பதாவது புத்தகம், 915.4, இந்தியப் பயண நூல். 1962இல் கொழும்பில் அச்சானது. திகதித் தாளில் மூன்று முத்திரைகள்: 1974, 1982, 1991. கணினிக்கு மாற்றியபோது, மூன்று தடவை இரவல் போன நூல் என்று பதிவாகியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிக்கத் தொடங்கினேன். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து, நடுத்தாளில் இரண்டு செம்மண் நிறப் பொட்டுகள், இராமபாணப் பூச்சி ஓரத்தில் ஒரு துளை போட்டிருந்தது, அதெல்லாம் வழக்கம்தான். 33ஆம் பக்கத்தைத் தாண்டியதும் தாள் புரளவில்லை. பிசின் பட்டிருக்கிறது என்று நினைத்து விரலை விட்டுப் பார்த்தால், தாளின் மடிப்பு மேல் விளிம்பில் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. பெரிய தாளை மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கங்கள் கிடைக்கும் அல்லவா? கட்டுகிற இடத்தில் அந்த ஒரு மடிப்பு மட்டும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்திருக்கிறது. வெட்டுக்கத்தி அதைத் தொடாமல் போயிருக்கிறது. உள்ளே உள்ள பக்கங்கள் பை போல மூடிக் கிடந்தன. மூன்று பேர் கொண்டு போயிருக்கிறார்கள். மூன்று பேரும் 33இல் நின்றிருக்கிறார்கள்.

தம்பி (பி.ப. 1.26): அப்படி முடிவு கட்ட முடியாது. தாளை வளைத்து, கீழ்ப்பக்கத்தால் எட்டிப் பார்த்து வாசித்திருக்கலாம் அல்லவா?

நான் (பி.ப. 1.33): நானும் வளைத்துப் பார்த்தேன். கழுத்து நோகும், வரி பாதியில் மறையும். அப்படி ஒருவர் வாசித்திருந்தால் தாளில் ஒரு வளைவாவது, கைப்பட்ட அழுக்காவது இருந்திருக்கும். இருந்ததோ அச்சகத்திலிருந்து வந்த நாளின் வெள்ளை. அடிமட்டத்தின் விளிம்பை மடிப்புக்குள் விட்டு, மெல்ல மெல்ல அறுத்துத் திறந்தேன். வாசகர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த 33 பக்கங்களில் இரண்டு வாழ்த்துரை, மூன்று அணிந்துரை, பதிப்புரை, ஆசிரியரின் முன்னுரை, நன்றியுரை எல்லாம் போக, 27ஆம் பக்கத்தில்தான் ரயில் கொழும்புக் கோட்டை நிலையத்தை விட்டுப் புறப்படுகிறது. 33இல் தலைமன்னார் வருகிறது. கப்பல் மூடிக் கிடந்த 34இல் இருக்கிறது.

அக்கா (பி.ப. 1.36): அறுபது வருடங்களுக்கு மேலாக ஒருவரும் கடலைத் தாண்டவில்லை!

தம்பி (பி.ப. 1.39): சரி, தோற்றேன். என்னுடைய 31இல் எத்தனை இப்படி 33ஆம் பக்கத்தில் நிற்கின்றன என்று கேட்டுவிடாதீர்கள். ஒலிப்புத்தகமாகக் காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் கேட்டவை ஏழு. அவற்றில் இரண்டில் பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நடுவில் நித்திரையாகிவிட்டேன்.

பெரியப்பா (பி.ப. 2.05): அந்தக் கப்பல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதா, இராமேஸ்வரத்துக்குப் போனதா?

நான் (பி.ப. 2.07): தனுஷ்கோடிக்கு, பெரியப்பா. 1964 டிசம்பர் புயலுக்கு முன்னைய பயணம்.

பெரியப்பா (பி.ப. 2.31): அப்படியானால் அது நான் போன வழி. 1960இல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். கோட்டையில் இரவு ரயில் ஏறி, விடியத் தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கு நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கப்பல் ஆடத் தொடங்கியதும் எனக்குக் குமட்டியது. அம்மா தேசிக்காய் ஒன்றை நகத்தால் கீறி, மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தார். அதனால் நான் கடலைப் பார்க்கவே இல்லை, அந்தத் தேசிக்காயைத்தான் பார்த்தேன். தனுஷ்கோடியில் இறங்கியபோது மணலும் தண்டவாளமும் தெரிந்தன. அந்த ஊர் பின்னர் இல்லாமலே போய்விட்டது. அந்த நூலை எனக்கு அனுப்பி வை.

நான் (பி.ப. 2.38): அனுப்பி வைக்க முடியாது, பெரியப்பா. உங்கள் அங்கத்துவம் 2019உடன் காலாவதியாகிவிட்டது. அடையாள அட்டையையும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை வாருங்கள். படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன். புத்தகத்தை என் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன், பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

தம்பி (பி.ப. 2.40): பெரியப்பா வாசித்தால் அது யாருடைய கணக்கில் சேரும்?

நான் (பி.ப. 2.41): திகதித் தாளில் நான்காவது முத்திரையாகச் சேரும்.

மாமி (பி.ப. 2.44): அண்ணா, அந்த முதல் 26 பக்கங்களை விட்டுவிட்டு நேரே ரயிலில் ஏறுங்கள்.

பெரியப்பா (பி.ப. 2.50): ஏன் விட வேண்டும்? 1962இல் கொழும்பில் அணிந்துரை எழுதியவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் என் தமிழாசிரியராகவும் இருக்கக் கூடும். அவர் ஒற்று விட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது?