உயிரியல் மீட்டல்: பாடமாக்கியும் பல்தேர்வில் விடை பிழைக்கிறது

கேள்வி (ஒட்டுசுட்டான் மாணவி)

வணக்கம். உயர்தர உயிரியலுக்கு இரண்டாவது தடவையாகத் தோற்ற இருக்கிறேன். கலமும் உயிர் இரசாயனமும் அடங்கிய இரண்டாம் அலகையும், தாவரப் பகுதியான நான்காம் அலகையும் வரிக்கு வரி பாடமாக்கி வைத்திருக்கிறேன். தாவரம் காபனீரொட்சைட்டிலிருந்து வெல்லம் ஆக்கும் கல்வின் வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இருந்தும் முதலாம் வினாத்தாளில், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கூற்றுகள் சரியாக இருக்கக்கூடிய 41 முதல் 50 வரையான வினாக்களில், பாதிக்கு மேல் பிழைத்துவிடுகின்றது. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து 38 ஏ.ரி.பி (கலம் சக்திக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) கிடைக்கும் என்று அக்காவின் பழைய கொப்பியில் இருக்கிறது. இப்போது 30 அல்லது 32 என்கிறார்கள். நீரழுத்தக் (water potential) கணக்கில் மறைக் குறியைக் கண்டாலே குழம்பிவிடுகிறேன். எங்கிருந்து மீட்டத் தொடங்குவது?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி)

பிள்ளை, நீங்கள் பெயர்களைப் பாடமாக்கியிருக்கிறீர்கள், இடங்களைப் பாடமாக்கவில்லை. வெறுந்தாளில் ஒரு கலத்தைப் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு தாக்கத்தையும் அது நடக்கும் இடத்திலேயே எழுதிப் பாருங்கள். குளுக்கோசை உடைத்து ஏ.ரி.பி. ஆக்கும் சுவாசத்தில், கிளைக்கோப்பகுப்பு சைற்றோசொல்லில், கிரெப்ஸ் வட்டம் இழைமணியின் உட்பகுதியான தாயத்தில், இலத்திரன் கடத்தல் அதன் அகமென்சவ்வில். பச்சையவுருமணியில் ஒளித்தாக்கம் தைலகொயிட் மென்சவ்விலும் கல்வின் வட்டம் அதைச் சூழ்ந்த பஞ்சணையிலும் நடக்கின்றன. கல்வின் வட்டத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அது பஞ்சணையில் நடப்பதால் அதற்கு வேண்டிய ஏ.ரி.பி.யும் தைலகொயிட்டின் பஞ்சணைப் பக்கத்திலேயே உருவாகிறது என்பதைக் கவனித்திருந்தால் எத்தனையோ கூற்றுகளை ஒரே பார்வையில் வெட்டிவிடலாம்.

38 என்ற கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். இலத்திரன்களைக் காவும் மூலக்கூறுகளில் ஒரு என்.ஏ.டி.எச். 3 ஏ.ரி.பி.யும், ஒரு எஃப்.ஏ.டி.எச்.2 இரண்டு ஏ.ரி.பி.யும் தரும் என்று முழு எண்ணாக எடுத்த காலத்துக் கணக்கு அது. இப்போது அவை முறையே 2.5, 1.5 எனக் கொள்ளப்படுகின்றன. 10 என்.ஏ.டி.எச். தருவது 25, 2 எஃப்.ஏ.டி.எச்.2 தருவது 3, நேரடியாகக் கிடைப்பது 4, ஆக மொத்தம் 32. கிளைக்கோப்பகுப்பில் உருவாகும் இரண்டு என்.ஏ.டி.எச். இழைமணியின் அகமென்சவ்வைத் தாமாகக் கடக்க முடியாது. அவற்றின் இலத்திரன்கள் எந்த வழியால் உள்ளே கொண்டுசெல்லப்படுகின்றன என்பதைப் பொறுத்து 5க்குப் பதிலாக 3 கிடைத்தால் மொத்தம் 30 ஆகிவிடும். இங்கேயும் இடம்தான் விடையைத் தீர்மானிக்கிறது, பாருங்கள்.

பதில் 2 (விவசாய பீட மாணவன், அறிவியல்நகர்)

தங்கச்சி, ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இடம் தெரிந்தும் நான் புள்ளி இழந்தது ‘எல்லா’, ‘மட்டும்’ என்ற இரண்டு சொற்களால்தான். ‘எல்லாத் தாவரக் கலங்களிலும் பச்சையவுருமணி உண்டு’ என்றால் வெங்காயச் செதிலின் மேற்றோலை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘காழில் இறந்த கலங்கள் மட்டுமே உண்டு’ என்பதும் பிழை, நீரைக் கடத்தும் அந்தக் காழின் புடைக்கலவிழையம் உயிருள்ளது. உணவைக் கடத்தும் உரியத்தின் நெய்யரிக்குழாய் மூலகத்தில் கரு இல்லை, ஆனாலும் அது உயிருள்ள கலம்.

தாவரப் பகுதியைப் படிக்க எங்கள் ஊர்களைப் போல வசதி வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம். இரணைமடுக் குளத்தின் கீழ் விளைகிற நெல், காபனீரொட்சைட்டை நேரே கல்வின் வட்டத்தில் பதிக்கும் சி3 தாவரம். மேட்டுக்காணியில் நிற்கும் சோளம் சி4 தாவரம். சோளத்தில் காபனீரொட்சைட்டு முதலில் இலைநடுவிழையக் கலத்தில் பதிக்கப்பட்டு, கல்வின் வட்டம் கட்டுமடற் கலத்தில் நடக்கிறது. வேலியோரக் கற்றாழையிலோ இரண்டும் ஒரே கலத்தில்தான், நேரம்தான் வேறு: இரவில் பதித்து மலிக்கமிலமாகப் புன்வெற்றிடத்தில் சேமித்து, பகலில் இலைவாயை (இலைத்துளையை) மூடிக்கொண்டு பயன்படுத்துகிறது. குளத்துத் தாமரை இலையில் இலைவாய்கள் மேற்பக்கத்தில் இருப்பது ஏன் என்று கேட்டால், நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நீரழுத்தத்துக்கு ஒரு கணக்குப் போதும். கரைந்த பொருட்களால் வரும் கரைய அழுத்தத்தையும் சுவரின் அமுக்கத்தால் வரும் அமுக்க அழுத்தத்தையும் கூட்டினால் நீரழுத்தம். தூய நீர் 0. கரைய அழுத்தம் −0.8 மெகாபாஸ்கல் உள்ள தளர்ந்த கலத்தைத் தூய நீரில் இட்டால், அமுக்க அழுத்தம் +0.8 ஆகும்வரை நீர் உள்ளே போகும். அப்போது கலத்தின் நீரழுத்தமும் 0. நீர் எப்போதும் கூடிய நீரழுத்தத்திலிருந்து குறைந்ததற்கே போகும், −0.8 என்பது 0 இலும் குறைவு. இதை நம்ப முடியாவிட்டால் சேம்பு இலைக்காம்பை நீளவாக்கில் கீலமாக வெட்டி, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைச் செறிந்த உப்புக்கரைசலிலும் போட்டுப் பாருங்கள்.

பதில் 3 (ஒட்டுசுட்டான் மாணவி)

நன்றி ஐயா, நன்றி அண்ணா. கிணற்றடியில் நின்ற சேம்பில் ஒரு காம்பை வெட்டினேன். தண்ணீரில் இட்ட கீலம் கொஞ்ச நேரத்தில் மேற்றோல் உட்பக்கமாக இருக்கும்படி சுருண்டுகொண்டது. உப்புக்கரைசலில் இட்டது அதற்கு எதிர்ப்பக்கமாக வளைந்தது. மேற்றோல் பக்கம் ஏன் நீளவில்லை? இன்னொன்று, கை இன்னமும் கடிக்கிறது.

பதில் 4 (ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி)

கை கடிப்பது சேம்பிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிப் பளிங்குகளால். அதுவும் கல உள்ளடக்கம்தான். உள்ளே இருக்கும் மெல்லிய சுவருடைய கலங்கள் நீரை உறிஞ்சி நீள்கின்றன. தடித்த வெளிச்சுவரும் புறத்தோற்படையும் கொண்ட மேற்றோலால் அந்த அளவுக்கு நீள முடியாது. ஆகவே நீளாத பக்கம் உட்பக்கமாகிறது. இப்போது இலைவாயைத் திறந்து மூடும் காவற்கலத்தை வரைந்து, இலைவாய்த் துளையை நோக்கிய அதன் தடித்த சுவரை நிறந்தீட்டுங்கள். பொற்றாசியம் அயன் உள்ளே வந்து, நீரும் வந்து கலம் வீங்கும்போது, அது எந்தப் பக்கம் வளையும் என்பதைக் கீலத்தைப் பார்த்தே எழுதலாம்.

அடுத்து, அதே கீலத்தை உப்புக்கரைசலிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள்.