அப்பா வாங்கிய கடைக்கட்டடம்: 1989க்கு முன் திருமணமான மகளுக்குப் பங்கு உண்டா? வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட வேண்டும்?

கேள்வி: காட்பாடியிலிருந்து ஒரு வாசகி

வணக்கம். வேலூரில் ஆற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், எங்கள் அப்பா 1983இல் தம் பெயரில் கிரயம் பெற்ற கடைக்கட்டடம் ஒன்று உள்ளது. அவர் இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அம்மா வீட்டில் பீடி சுற்றிச் சேர்த்த பணமும் அந்தக் கிரயத் தொகையில் சேர்ந்திருக்கிறது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்திரத்தில் அப்பா பெயர் மட்டுமே இருக்கிறது. 'வட ஆற்காடு மாவட்டம், வேலூர் தாலுகா' என்று தொடங்கி, கிழமேலடி 18, தென்வடலடி 40 என்று செக்குபந்தி (நான்கு எல்லை) விவரத்துடன் கையால் எழுதப்பட்ட அந்த மூலப்பத்திரம் அம்மாவிடம் உள்ளது. அப்பா 2022இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழில் அம்மா, அண்ணன், நான், தங்கை ஆகிய நால்வரின் பெயர்களும் உள்ளன.

அப்பா காலத்திலிருந்தே ஓர் அம்மையார் அந்தக் கட்டடத்தில் மெஸ் நடத்தி வருகிறார். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காள நோயாளிகளின் உறவினர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். வாசல் பலகையில் தமிழுக்குக் கீழே வங்க எழுத்தும் இருக்கும். ஒப்பந்தம் எதுவும் எழுதியதில்லை. வாடகையை மாதாமாதம் கையில் கொடுப்பார். அப்பா ஒரு நோட்டில் வரவு எழுதிக் கையெழுத்திடுவார். இப்போது உணவுப் பாதுகாப்பு உரிமத்திற்கு வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள் என்று அவர் அம்மாவிடம் வந்து சொன்னார்.

அண்ணன், தாம் ஒருவரே உரிமையாளராகக் கையெழுத்திடுவதாகச் சொல்கிறார். எனக்கு 1986இல் திருமணம் ஆனது. "எண்பத்தொன்பதுக்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குச் சட்டத்திலேயே பங்கு கிடையாது" என்பது அவருடைய வாதம். 1993இல் திருமணமான தங்கையிடம், தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்கிறார். சொத்து வரி ரசீதை ஏற்கெனவே தம் பெயருக்கு மாற்றிவிட்டார். மெஸ் நடத்துபவரை வெளியேற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. வாடகையில் ஒரு பகுதியாவது அம்மாவின் கைக்கு நேரடியாக வர வேண்டும், அவர் மருந்துச் செலவுக்கு யாரிடமும் கேட்டு நிற்கக்கூடாது என்பதே என் கவலை. அண்ணன் சொல்வது சட்டப்படி சரியா? நீதிமன்றங்கள் இதில் என்ன சொல்லியிருக்கின்றன?

பதில் 1: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

அம்மா, வேலூர் நீதிமன்றங்களில் பாகப்பிரிவினை வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அண்ணன் கூறும் 1989 என்ற ஆண்டு உண்மையானது, ஆனால் உங்கள் சொத்துக்கு அது பொருந்தாது. இந்த ஒரு குழப்பத்தால் பங்கை விட்டுக்கொடுத்த பெண்கள் நம் பக்கத்தில் ஏராளம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் செய்து, 1989 மார்ச் 25 முதல், கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்றது. அந்தத் திருத்தம், அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களை விலக்கி வைத்தது. அண்ணன் பற்றிக்கொண்டிருப்பது இந்த விலக்கைத்தான். ஆனால் அது பூர்வீகச் சொத்தைப் பற்றிய பேச்சு. உங்கள் அப்பா தம் சம்பாத்தியத்தில், தம் பெயரில் கிரயம் பெற்றது தனிச்சொத்து. தனிச்சொத்தை விட்டுவிட்டு ஓர் இந்து ஆண் உயில் இல்லாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளான மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். மகளின் திருமணம் எந்த ஆண்டு நடந்தது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. 1956இலிருந்தே நிலை இதுதான். அப்பாவின் தாயார் முன்பே காலமாகிவிட்டார் என்று வாரிசுச் சான்றிதழிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எனவே அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை ஆகிய நால்வருக்கும் தலா நான்கில் ஒரு பங்கு.

ஒரு பேச்சுக்கு அது பூர்வீகச் சொத்து என்றே வைத்துக்கொண்டாலும் அண்ணனின் வாதம் நிற்காது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் திருமணத்தை வைத்து மகளை விலக்கும் விதி இல்லை. அந்தத் தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டுமே சட்டம் தொடாமல் விட்டிருக்கிறது. உங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. தனிச்சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசலக் கவுண்டர் வழக்கில் 2022 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. 1956க்கு முன் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியம்கூட மகளுக்கே இறங்கும், தந்தையின் சகோதரர் வழிக்குப் போகாது என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முடிவை மாற்றியது.

அம்மாவின் பீடிக்கூலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்து தொடர்பான வழக்கில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்து உருவாகக் காரணம், ஆகவே அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான தீர்ப்பு அது. ஆயினும் அது தனி நீதிபதியின் தீர்ப்பு. அதை வைத்து அம்மாவுக்கு முதலில் பாதி, மீதிப் பாதியில் ஒரு பங்கு என்று கேட்பதானால், அம்மாவின் உழைப்பையும் கூலியையும் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதிப் பதிவு போன்றவை இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

சொத்து வரி ரசீது யார் பெயரில் இருந்தாலும் உரிமை மாறாது. பட்டாவே உரிமை ஆவணம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கும்போது வரி ரசீது எம்மாத்திரம்? தங்கையிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்: விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவு முடிந்துவிட்டால், பிறகு அதை ரத்து செய்யத் தனி வழக்குப் போட்டு, ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பதில் 2: கட்டட உரிமையாளர், வேலூர்

வாரிசுரிமை பற்றி வழக்கறிஞர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வாடகை பற்றி, என் கட்டடம் தொடர்பாக அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றிய நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களில் ஒவ்வொரு வாடகையும் எழுத்து வடிவ ஒப்பந்தமாக வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். பழைய வாய்மொழி வாடகைகளுக்கு அவகாசம் கொடுத்தார்கள். அதைத் திருத்தம் மேல் திருத்தமாக நீட்டித்து 575 நாட்கள் வரை கொண்டுபோனார்கள். அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

ஒப்பந்தம் எழுதத் தவறினால், 21(2)(அ) பிரிவின் கீழ் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். எழுத்தே இல்லாத பழைய வாடகைகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆகவே, அண்ணனோடு பங்குச் சண்டை போடுவதைவிட, நால்வரும் சேர்ந்து கட்டடத்தைக் காலி செய்து நல்ல விலைக்கு விற்று, பணத்தைப் பிரித்துக்கொள்வது உங்களுக்கு எளிது என்பது என் கருத்து. சாலைக்குப் பக்கத்தில் உள்ள கட்டடம் என்றால் வாங்க ஆள் கிடைப்பது கடினமாக இருக்காது.

பதில் 3: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

முந்தைய பதிலில் உள்ள சட்டம் சரி. யோசனையை நான் ஏற்கவில்லை. கேள்வி கேட்டவர் வெளியேற்றும் எண்ணம் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த அம்மையார் ஒப்பந்தம் வேண்டும் என்று தாமாகவே தேடி வந்திருக்கிறார். 21(2)(அ) பிரிவின் வாசகத்தில் யார் மீது தவறு என்ற பாகுபாடு இல்லை என்பது உண்மையே. இருந்தாலும், ஒப்பந்தத்துக்குத் தயாராக நிற்பவரை ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி வெளியேற்றுவது, சட்டம் இடம் கொடுத்தாலும் நியாயமாக எனக்குப் படவில்லை. அந்தச் சட்டம் வாய்மொழி வாடகைகளை எழுத்துக்குக் கொண்டுவருவதற்காக வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டடம் அப்பா கட்டியதா, அல்லது காலி மனையை வாடகைக்கு எடுத்து அந்த அம்மையார் கட்டிக்கொண்டாரா? இரண்டாவது என்றால், 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரலாம். மனை உரிமையாளர் வழக்குத் தொடுத்தால், அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள், தேவையான அளவு மனையைத் தமக்கே விற்க உத்தரவிடுமாறு வாடகைதாரர் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. நீங்கள் 'கடைக்கட்டடம் கிரயம் பெற்றார்' என்று எழுதியிருப்பதால் இந்தச் சிக்கல் இருக்காது என்றே நினைக்கிறேன். பத்திரத்தின் சொத்து விவரத்தில் கட்டடம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை படித்துவிடுங்கள்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். பங்குதாரர்களில் ஒருவர், மற்றவர்களுக்கு மறுப்பு இல்லாதபோது, வாடகைதாரர் மீது வழக்குத் தொடுக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் 1976 முதல் ஏற்ற நிலை. அதைக் காட்டி அண்ணன் தாம் ஒருவரே போதும் என்று சொல்லக்கூடும். இங்கு உங்களுக்கு மறுப்பு இருக்கிறது. தவிர, உங்கள் மூவரின் பங்கை உங்கள் சம்மதமின்றிக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை அவர் எழுதித் தர முடியாது. நால்வரும் உரிமையாளர்களாகக் கையெழுத்திடுங்கள். அல்லது மற்ற மூவரும் அம்மாவுக்குப் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து, வாடகை முழுவதும் அம்மாவின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நீங்கள் கேட்டது நடக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. அப்பா வாங்கிய முன்பணம் இருந்தால் அதையும் எழுத்தில் கொண்டுவாருங்கள், ஏனெனில் அதைத் திருப்பித் தரும் பொறுப்பும் நான்கு வாரிசுகளையும் சேரும். ஒப்பந்தக் காலம் ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு தேவை; வாடகை அதிகார அமைப்பின் பதிவு அதற்கு ஈடாகாது.

அண்ணன் ஒத்துவராவிட்டால், நீங்களும் தங்கையும் அம்மாவும் சேர்ந்து வழக்கறிஞர் மூலம் ஓர் அறிவிப்பு அனுப்பி, அதன் நகலை மெஸ் நடத்துபவருக்கும் கொடுங்கள். உரிமையாளர் யார் என்ற தகராறு தெரிந்த பிறகு அவர் ஒருவரிடம் மட்டும் ஒப்பந்தம் எழுத யோசிப்பார். அதன்பின் பாகப்பிரிவினை வழக்குத்தான். ஒரு வாரிசு தம் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், மற்ற வாரிசுகள் முதலில் வாங்கும் உரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு தருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 4: உணவக உரிமையாளர், குடியாத்தம்

மெஸ் நடத்தும் அம்மையாரின் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமோ பதிவோ இல்லாமல் உணவுத் தொழில் நடத்த முடியாது. அந்த இடத்தில் நாம் முறையாக இருக்கிறோம் என்பதற்கான சான்றாகத்தான் ஒப்பந்தம் கேட்கிறார்கள். உரிமம் வாங்கிவிட்டதால் கட்டடத்தில் அவருக்குப் புது உரிமை எதுவும் வந்துவிடாது. அந்தப் பயத்தில் சில உரிமையாளர்கள் கையெழுத்திட மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் குடும்பத் தகராறு நீண்டால் முதலில் அடிபடுவது அவர் அடுப்புத்தான் என்பதால், அதற்குள் நால்வரும் ஓர் ஒப்புதல் கடிதமாவது கொடுத்து உதவுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் சேருங்கள். உணவகங்களின் முன்பக்கத்தில் பெட்டிக்கடை வைத்து உள்வாடகைக்கு விடுவது நம் ஊர்களில் வழக்கம். அங்கே குட்கா பிடிபட்டால் பூட்டு விழுவது கட்டடத்துக்கு. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் குட்கா தடை அறிவிப்புகளை ரத்து செய்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஓராண்டுக்கு மட்டும் தடை விதிக்கும் அதிகாரம்தான் உண்டு, அதையே ஆண்டுதோறும் புதுப்பித்து நிரந்தரத் தடையாக்க முடியாது என்பது காரணம். அந்தச் செய்தியைப் படித்த பலர் இன்னும் விற்கலாம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது அவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஆகவே புகையிலைப் பொருள் விற்பனையும் உள்வாடகையும் கூடாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் இன்று காலையே பேசிவிட்டேன். அவள் எதிலும் கையெழுத்திடவில்லை. பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'மேற்படி மனையும் அதிலுள்ள மச்சுக்கட்டடமும்' என்றுதான் எழுதியிருக்கிறது. அம்மாவின் பீடி அட்டை டிரங்குப் பெட்டியில் இருப்பதாகச் சொல்கிறார். ஒப்புதல் கடிதத்தில் அம்மாவும் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டு மெஸ் அம்மையாரிடம் கொடுக்கப் போகிறோம். அண்ணனுக்கும் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறோம். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பும் முன், முதல் பதிலை அச்செடுத்து அண்ணனிடமே படிக்கக் கொடுக்கச் சொல்கிறார் அம்மா. அப்படியே செய்கிறேன்.