லாசஞ்சுக்கு என்ன சொல்: சப்பு மாத்திரையா, கரைவில்லையா?

கும்பகோணத்திலிருந்து:
கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி அடைமழைக்கு முன் கிராமச் செவிலியர்களுக்கு ஒரு துண்டறிக்கை தமிழில் தர வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சளிக்கு ஜிங்க் பலன் தருமா என்பதுதான் விஷயம். 'ஜிங்க் லாசஞ்ச்' என்பதற்கு என்ன எழுத? விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்க வேண்டியது. சளி ஆய்வுகள் பலவற்றில் அப்படித்தான் கொடுத்தார்கள். 'துத்தநாகச் சப்பு மாத்திரை' சரிவருமா?

திருவையாற்றிலிருந்து:
சப்பு கொச்சை, அம்மா. 'நாகக் கரைவில்லை' என்று எழுதுங்கள்; வாயில் கரையும் வில்லை. இலங்கைப் பாடநூல்களில் நாகம்தான். துத்தம் ஏழிசையில் குரலுக்கு அடுத்த சுரம். உலோகத் துத்தத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மன்னார்குடியிலிருந்து:
நாகம் என்று மட்டும் வேண்டவே வேண்டாம். சித்த மருத்துவத்தில் நாக பற்பம் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் ஈயம். வயலில் இறங்குகிறவருக்கு நாகம் பாம்பு. அப்புறம், கரைவில்லையைச் சேர்த்து எழுதினால் 'கரைவு இல்லை' என்றுதான் படிப்பார்கள்! சப்பு மாத்திரை வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. இதில் என்ன கொச்சை?

மயிலாடுதுறையிலிருந்து:
துத்தநாகமும் எடுபடாது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் ஜிங்க் கொடுக்கிறோம். தாய்மாருக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். அந்த மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் கரைத்துத்தான் புகட்டுகிறார்கள். 'கரை' என்று போட்டால் இதையும் கரைத்துக் குடித்துவிடுவார்கள். வரைவில் 'சப்ளிமென்ட்' என்பதற்குப் போட்ட 'துணைச்சத்து' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். சத்து என்றால் தினமும் சாப்பிடத் தோன்றும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2024 மதிப்பாய்வின்படி, சளி வராமல் தடுக்க ஜிங்க் அவ்வளவாக உதவாமல் போகலாம். வந்தபின் எடுத்தால் இரண்டு நாள் போலக் குறையலாம்; அதற்கும் சான்று வலுவாக இல்லை. குமட்டலும் வாயில் கெட்ட சுவையும் வரலாம். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள், அம்மா.

கும்பகோணத்திலிருந்து:
நேரமில்லை. 'ஜிங்க் சப்பு மாத்திரை' என்று எழுதி, முதலிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் துத்தநாகம் சேர்க்கிறேன். துணைச்சத்தை எடுத்துவிட்டேன்.

திருவையாற்றிலிருந்து:
துண்டறிக்கைக்குச் சரி. கலைச்சொல் பட்டியலில் 'ஜிங்க்' ஏறுவதை ஏற்கமாட்டேன். அச்சில் வந்த சொல்லே நிலைத்துவிடும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். துத்தம் பற்றிய மடல் நாளை வரும்.