ஃபைலைப் பூட்டிக் காசு கேட்ட வான்னாக்ரை வைரஸ் விண்டோஸ் எக்ஸ்பியில பரவல, விண்டோஸ் 7-ல வந்துச்சு. முதல்ல அதைத் திருத்துங்க

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
லாஸ்பேட்டை பென்குயின் நேத்து எழுதினதை அப்படியே தர்றேன்: "2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுது, கதை முடிஞ்சுது. இனிமே அதை வச்சிருக்கிறவன் வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கறவன். 2017-ல வான்னாக்ரை வந்தப்போ எக்ஸ்பி வச்சிருந்தவன்தான் மாட்டினான். லினக்ஸ் போடு, இல்லன்னா புது மெஷின் வாங்கு."

லினக்ஸ்னா விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச சிஸ்டம். இந்தப் பதிவைப் படிச்சுட்டு இன்னைக்குக் காலையில மூணு பேர் கடைக்கு வந்துட்டாங்க. நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஒரு பெரியவர், ஆறாம் தலைமுறை ஐ5 சிபியூவை வேட்டித் துணியில சுத்தி பைக் டேங்க் மேல வச்சுக் கொண்டாந்தாரு. "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணுமாமே." எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி, நல்லா ஓடற மெஷின். பிராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் கீழ இருக்கறதால விண்டோஸ் 11 ஏத்துக்காது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உள்ள போய் பேக்கப்பை ஆன் பண்ணினா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். பண்ணிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை.

வான்னாக்ரை எக்ஸ்பியில பரவல. ஊருக்கே பாடம் எடுக்கறவர் இதைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதணும்.

லாஸ்பேட்டை பென்குயின்:
அண்ணே, இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிங்க படுத்தப்போ எல்லாப் பேப்பர்லயும் எக்ஸ்பின்னுதான் வந்துச்சு. எக்ஸ்பிக்கு சப்போர்ட் நின்னது 2014 ஏப்ரல் 8. மூணு வருஷம் கழிச்சு, வைரஸ் வந்த மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்குத் தனியா பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கற அப்டேட், விட்டுச்சு. எக்ஸ்பியில ஒண்ணுமே ஆகலன்னா அவன் எதுக்கு விடணும்?

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
பேட்ச் விட்டான்னா அதுலதான் பரவுச்சுன்னு அர்த்தமா? ஆன்ட்டிவைரஸ் கம்பெனி காஸ்பர்ஸ்கி கணக்கு எடுத்தப்போ மாட்டினதுல 98 சதவீதம் விண்டோஸ் 7. எக்ஸ்பியில அது பெரும்பாலும் நீலத்திரை காட்டி மெஷினை விழ வச்சுது, அங்கேர்ந்து பரவவே இல்ல. பேப்பர்ல முதல் நாள் வந்ததை எட்டு வருஷம் கழிச்சும் சொல்லிட்டிருக்கீங்க.

விண்டோஸ் 7-க்கு சப்போர்ட் 2020 ஜனவரி 14 வரைக்கும் இருந்துச்சு. அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட் 2017 மார்ச் 14-லயே வந்துடுச்சு. வைரஸ் வந்தது மே 12. ரெண்டு மாசம் நேரம் இருந்தும் அப்டேட்டை நிறுத்தி வச்சிருந்தவன்தான் மாட்டினான். பழைய மெஷின் வச்சிருந்தவன் இல்ல.

லாஸ்பேட்டை பென்குயின்:
நீங்களே என் பக்கம் பேசறீங்க. அப்டேட் ஏறாத மெஷின் மாட்டும்னு சொல்றீங்க. விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் கிடையாது. ஒரு வருஷம் தள்ளிப் போடலாம், அப்புறம்?

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
எக்ஸ்பின்னு எழுதினீங்களா இல்லையா?

டிடிபி செல்வி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். திருப்பாதிரிப்புலியூர்ல டிடிபி கடை வச்சிருக்கேன். எங்கிட்ட இருக்கறது விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், வானவில் ஃபாண்ட். நெட் கனெக்‌ஷனே கொடுக்கல. கல்யாணப் பத்திரிகை அடிக்க வர்றவங்க போன வருஷம் அக்காவுக்கு அடிச்ச பத்திரிகையையே பேர் மாத்திக் கேக்கறாங்க. பழைய ஃபைல் திறக்கலன்னா எனக்குப் பொழப்பு இல்ல. ஆனா மேட்டர் எல்லாம் பென் டிரைவ்லதான் வருது. அது ஆபத்தா?

லாஸ்பேட்டை பென்குயின்:
மேடம், முதல்ல வானவில்லை விடுங்க, அது பழைய எழுத்து முறை. தமிழ்நாடு அரசே 2010-ல எல்லா மெஷின்லயும் படிக்க வர்ற யுனிகோடுதான்னு ஆணை போட்டாச்சு. லினக்ஸ்ல பேஜ்மேக்கர் மாதிரி ஸ்கிரைபஸ் இருக்கு, இலவசம். பழைய ஃபைலை எல்லாம் ஒரு தடவை யுனிகோடுக்கு மாத்திட்டா நிம்மதி.

டிடிபி செல்வி:
பதினாலு வருஷத்துப் பத்திரிகை சார். ஒவ்வொண்ணா மாத்த நீங்க வர்றீங்களா? முகூர்த்த மாசத்துல ஒரு ஆள் கடையில நின்னுக்கிட்டே அரை மணி நேரத்துல ப்ரூஃப் கேப்பாரு. மாத்தும்போது "ஸ்ரீ" உடைஞ்சா குலதெய்வத்தோட பேரே தப்பாப் போயிடும். அரசு ஆணையைக் காட்டினா அவர் காசு கொடுப்பாரா? நான் கேட்டது பென் டிரைவைப் பத்தி.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
பாத்தீங்களா, கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. எதைக் கேட்டாலும் லினக்ஸ். போன வருஷம் பாகூர்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு இவர் லினக்ஸ் போட்டுக் கொடுத்துட்டுப் போனாரு. ஆதாருக்கு வச்சிருந்த கைரேகை மெஷின் வேலை செய்யல, பிரின்டர் வேலை செய்யல. அந்த அம்மா ஆல்பேட்டை தாண்டி எங்கிட்ட தூக்கிட்டு வந்தாங்க. காசு வாங்காமத் திருப்பி விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். மறந்துடுச்சா தம்பி?

லாஸ்பேட்டை பென்குயின்:
பிரின்டர் வேலை செஞ்சுது. கைரேகை மெஷினுக்குக் கம்பெனிக்காரன் டிரைவர் கொடுக்காதது லினக்ஸோட தப்பா? நீங்க திருப்பிப் போட்ட விண்டோஸ் காசு கொடுத்து வாங்கினதா, கிராக்கா? அதை இங்க சொல்லுங்களேன்.

பெண்ணையாற்றங்கரை:
ஓய்வு பெற்ற ஆசிரியன். 2011 விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸும் இந்திய அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பாஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் லினக்ஸ் பாதுகாப்பு என்றே நினைத்திருந்தேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் லினக்ஸ் நிரலிலேயே ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்தார்களே, அதற்கு என்ன பதில்?

லாஸ்பேட்டை பென்குயின்:
ஐயா, நல்ல கேள்வி. கோட் திறந்திருந்ததாலதான் கண்டுபிடிச்சாங்க. 5.6.0, 5.6.1 ரெண்டு பதிப்புலதான் இருந்துச்சு. சோதனைப் பதிப்புங்களைத் தாண்டிப் பெருசாப் பரவறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. விண்டோஸ்ல இப்படி வச்சிருந்தா வெளிய தெரிஞ்சிருக்குமா?

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
யாரு பிடிச்சது? ஆந்த்ரஸ் ஃப்ராய்ண்ட். தூரத்து மெஷின்ல நுழையற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டிப் பாத்தாரு. அவர் எங்க வேலை பாக்கறாருன்னு ஏன் எழுதல? மைக்ரோசாஃப்ட்ல.

லாஸ்பேட்டை பென்குயின்:
அவர் பாத்தது டெபியன்ங்கற லினக்ஸ்ல, விண்டோஸ்ல இல்ல! எங்க வேலை செஞ்சா என்ன? கிராக்கா இல்லையாங்கற கேள்விக்குப் பதில் வரல. கடலூர்க்காரங்களுக்குப் பாண்டிக்காரங்க நாங்க சொன்னா ஏறாது. ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்ன வரி கம்மின்னு மானிட்டர் வாங்க மட்டும் பாண்டிக்கு பஸ் ஏறி வந்தீங்க.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
வந்து வாங்கினோம். அதை ரிப்பேர் பண்ண நீங்க கடலூர் வந்தீங்க. ஊரை இழுக்காதீங்க.

நான் ஏன் இதுல பிடிவாதமா நிக்கறேன்னு சொல்றேன். 2017 மே மாசம் கடலூர் ஓ.டி.யில (ஓல்டு டவுன்) ஒரு போட்டோ ஸ்டூடியோ. விண்டோஸ் 7, கிராக் காப்பி. அப்டேட் ஏத்தினா கருப்புத்திரை வரும்னு யாரோ நிறுத்தி வச்சிருந்தாங்க. வெளியேர்ந்து வர்றதைத் தடுக்க ரூட்டர் கிடையாது, பிராட்பேண்ட் நேரா மெஷின்ல. அவர் எந்த மெயிலையும் திறக்கல, எதையும் கிளிக் பண்ணல. மெஷினை ஆன் பண்ணி வச்சுட்டு டீ குடிக்கப் போனாரு. நான் போனப்போ திரையில செகப்புக் கட்டம், இடது பக்கம் ரெண்டு கடிகாரம் பின்னோக்கி ஓடுது. 300 டாலர் பிட்காயின்ல கட்டு, மூணு நாள் ஆனா ரெண்டு மடங்கு, ஏழு நாள் ஆனா ஃபைல் போச்சு. மேல மொழி மாத்தற பட்டி இருந்துச்சு, 28 மொழி. அவர் தமிழ் இருக்கான்னு தேடச் சொன்னாரு. இல்ல. ஃபோல்டரைத் திறந்தா ஜேபெக், பிஎஸ்டி எல்லாத்துக்கும் பின்னாடி டபிள்யூஎன்சிஆர்ஒய்னு ஒட்டியிருந்துச்சு. பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மெஷின்லயே சொருகி இருந்துச்சு, அதுவும் போச்சு. ஆல்பம் முடியாத ஏழு கல்யாணம். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போய் நின்னாரு.

அவரும் பழைய மெஷின்தான் காரணம்னு நெனச்சு, கடன் வாங்கிப் புது மெஷின் எடுத்தாரு. அதுலயும் கிராக் போட்டு அப்டேட்டை நிறுத்தினாரு! எக்ஸ்பின்னு நீங்க எழுதறதால ஜனங்க இதையேதான் பண்ணுவாங்க. வாங்க வேண்டியது மெஷின் இல்ல. ஒரு ரூட்டர், தனியா கழட்டி வைக்கற ஒரு ஹார்ட் டிஸ்க், அப்டேட் ஏத்தற பழக்கம்.

லாஸ்பேட்டை பென்குயின்:
ஸ்டூடியோக்காரருக்கு நடந்தது வருத்தம்தான். ஆனா அவர் லினக்ஸ் வச்சிருந்தா அந்தச் செகப்புக் கட்டமே வந்திருக்காது.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
ஃபோட்டோஷாப்பும் வந்திருக்காது. ஆல்பத்தை எதுல போடுவாரு?

பெண்ணையாற்றங்கரை:
இருவரும் நிறுத்துங்கள். ஆங்கிலப் பத்திரிகைகளிலும் முதலில் எக்ஸ்பி என்றுதான் எழுதினார்கள். அந்தத் தம்பி சொன்னதில் பெரிய பிழை இல்லை.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
ஐயா, நீங்க வாத்தியார். பரீட்சைத் தாள்ல வருஷத்தை மாத்தி எழுதின பையனுக்கு மார்க் போட்டீங்களா? அவர் எழுதினது எக்ஸ்பி. நடந்தது 7.

டிடிபி செல்வி:
சார், பென் டிரைவ்?

லாஸ்பேட்டை பென்குயின்:
மேடம், நெட் இல்லாட்டியும் பென் டிரைவ்ல வைரஸ் ஏறும். ஈரானோட அணு ஆலையில ஸ்டக்ஸ்நெட் வைரஸ் நுழைஞ்சதே பென் டிரைவ்லதான். வேற மெஷின்ல, லினக்ஸா இருந்தா இன்னும் நல்லது, முதல்ல சொருகிப் பாத்துட்டு அப்புறம்...

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:
மறுபடியும் லினக்ஸ்! செல்வி மேடம், நாளைக்குக் கடைப் பக்கம் வாங்க, பென் டிரைவ் சொருகினதும் தானா ஓடற ஆட்டோரன்னை நிறுத்தி, அந்த ஃபைலுங்களுக்கெல்லாம் தனி டிஸ்க்ல காப்பி போட்டுத் தர்றேன். பென்குயின் தம்பி, உங்க பதிவு இன்னும் மேல அப்படியேதான் இருக்கு. எக்ஸ்பிங்கறதை எப்போ மாத்தப் போறீங்க?

லாஸ்பேட்டை பென்குயின்:
கிராக்கா இல்லையான்னு நீங்க சொன்னதும்.