வரிக்கோழிக்குக் கருஞ்சேவல் சேர்த்தேன்: மஞ்சள்கால் எங்கே போனது?

கேள்வி:
என்னிடம் பிளைமவுத் ராக் இனப் பெட்டை ஒன்று இருக்கிறது. கருப்பும் வெள்ளையுமாக வரி இறகு, நல்ல மஞ்சள்கால். வீட்டுச் சேவல் முழுக்கருப்பு, கருநீலக்கால். அடை வைத்ததில் 11 குஞ்சுகள். மூன்று மாதம் ஆகிறது. சேவல் குஞ்சுகள் ஆறுக்கும் வரி இருக்கிறது, ஆனால் வெள்ளைக்கால். பெட்டைகள் ஐந்தும் அப்பனைப் போலவே கருப்பு, கருங்கால். எனக்கு வேண்டியதோ வரியும் மஞ்சள்காலும் உள்ள பெட்டைகள். பக்கத்துத் தோட்டத்துச் சேவல் புகுந்துவிட்டதா?

மறுமொழி 1:
தீவனம்தான் காரணம் தம்பி. மஞ்சள் மக்காச்சோளமும் கீரையும் போடுங்கள், கால் மஞ்சளாகும்.

மறுமொழி 2:
அண்ணா சொல்வது மஞ்சள்கால் கோழிக்குப் பொருந்தும். இங்கே தாயும் அதே தீவனத்தைத்தானே தின்கிறது?

பக்கத்துச் சேவலைத் திட்டாதீர்கள். குணங்களைக் குஞ்சுக்குக் கடத்துபவை குரோமோசோம்கள். அவற்றில் இசட் என்பது சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றைத் தாய் ஆண் குஞ்சுக்கே கொடுக்கும். பெண் குஞ்சுக்கு இசட் தகப்பன் வழியாகத்தான் வரும். வரி இறகும், காலில் கருமை படியாமல் தடுக்கும் குணமும் இசட்டில் இருக்கின்றன. ஆகவே இரண்டும் உங்கள் சேவல் குஞ்சுகளுக்கே போய்விட்டன. ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்பு இனச் சேவலை வரிப் பெட்டையோடு சேர்த்து, பொரித்த அன்றே ஆண் பெண் பிரிப்பதும் இதை வைத்துத்தான்.

காலை மஞ்சளாகக் காட்டும் மஞ்சள் தோல் குணம் இசட்டில் இல்லை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் குஞ்சுகள் எல்லாவற்றிலும் அது மறைந்திருக்கிறது.

கேட்டவர்:
அப்படியானால் இனி என்ன செய்வது? மகனைத் தாயோடே சேர்க்கலாமா?

மறுமொழி 2:
சேர்க்கலாம், ஆனால் உறவில்லாத வேறு பிளைமவுத் ராக் பெட்டை கிடைத்தால் நல்லது. வரிச் சேவல்களில் உடல் கட்டு நன்றாக உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஈட்டில் பாதிக்கு மஞ்சள் தோல் வரும், பெட்டைகளில் பாதிக்கு வரி வரும். இரண்டும் சேர்ந்தது ஏறக்குறைய நாலு பெட்டைக்கு ஒன்று. ஒரே குரோமோசோம் என்பதால் வரியோடு கருமைத் தடையும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். வரியில்லாத சில பெட்டைகளுக்குப் பச்சைக்கால் வரலாம். மஞ்சள் தோலுக்கு அடியில் கருமை படிந்தால் அப்படித்தான் தெரியும். நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். குஞ்சாக இருக்கும்போதே காலைப் பார்த்துக் கழிக்கவும் வேண்டாம், கருமை மெல்லத்தான் ஏறும்.

கேட்டவர்:
இப்போது புரிகிறது. தலையில் வெள்ளைப் புள்ளி இருந்ததெல்லாம் சேவல் என்று அம்மா முதல் நாளே சொன்னார், நான் சிரித்தேன்.

மறுமொழி 2:
வரி வரப்போகும் குஞ்சுக்குத்தான் அந்தப் புள்ளி இருக்கும், அதனால் அம்மா சொன்னது இந்த ஈட்டுக்குச் சரி. அடுத்ததில் பெட்டைகளில் பாதிக்கும் புள்ளி இருக்கும், இப்போதே சொல்லிவையுங்கள்.